முப்பது அடியில் பதினைந்து நிமிடம்

— “நாளைக்கு வந்தாப் போதாதா?”ன்னு அன்னிக்கு ஃபோன்ல நீ என்கிட்ட கேட்ட. ஞாபகம் இருக்காண்ணா?

— என்னது? இரு, இரு. இந்தக் கருமம் புடிச்ச முகமூடியை இப்பத்தான் கழட்டினேன். காதுக்குள்ள இன்னும் புஸ்ஸு புஸ்ஸுன்னு இருக்கு. யாரு, தங்கச்சியா?

— ம்.

— “ம்”னாலே தெரிஞ்சுபோச்சு. ஃபோன்ல தலையாட்டுற ஆளு உலகத்துலயே ஒருத்திதான். ஆபரேட்டர் சார் எங்க? அவர் ஃபோன் உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— நான்தான் குடுத்தேன், தம்பி. இங்கதான் மீட்டர் பக்கத்துல நிக்கிறேன், எனக்குத் தனி மைக் இருக்கு. பதினோரு நாளா இந்தப் பொண்ணு அந்த மூலை நாற்காலியில உக்காந்து காத்தை அழுத்தி வைத்தியம் பண்ற உங்க இரும்பு டப்பாவையே பாத்துக்கிட்டிருக்கு. டீ வேணுமான்னு கேட்டா தலையாட்டும். வேணும்னு ஆட்டுதா வேணாம்னு ஆட்டுதான்னு எனக்கு இன்னும் பிடிபடல. இன்னிக்கு வாயைத் திறந்து, “சார், அந்த ஃபோன்ல நான் பேசலாமா”ன்னு கேட்டுச்சு. எனக்கு மயக்கமே வந்துடுச்சு.

— அப்ப விஷயம் பெரிசுதான்.

— உங்களுக்கு முகமூடி இல்லாம பதினஞ்சு நிமிஷம். அப்புறம் மறுபடி ஆக்சிஜன். அதுக்குள்ள பேசிக்குங்க. ஆனா நிதானமாப் பேசுங்க.

— மீட்டர் எவ்வளவு காட்டுது சார்?

— முப்பது அடி. இப்ப நீங்க முப்பது அடித் தண்ணிக்கடியில இருக்கீங்க, தண்ணிதான் இல்லை.

— பாத்தியாடி, தொழில் என்னை விட மாட்டேங்குது. சட்டை நனையாம முங்கிக் கிடக்குறேன்.

— உன் குரல் வாத்து மாதிரி இருக்குண்ணா.

— இங்க காத்து கெட்டி. கெட்டிக் காத்துல பேசினா எல்லாரும் வாத்துதான். அந்த டாக்டரை உள்ள விட்டுப் பாரு, அவரும் “க்வாக், க்வாக், எந்த விரல் தெரியுது”ன்னுதான் கேப்பார்.

— விரல் தெரியுதாண்ணா?

— நர்ஸ் அண்ணன் இப்பத்தான் ஊசியால குத்திப் பாத்தார். எங்க குத்துறார்னு அவர் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— வலிக்கவே இல்லையா?

— வலிச்சிருந்தா இந்த டப்பாவே அதிர்ற மாதிரி கத்திச் சந்தோஷப்பட்டிருப்பேன். விடு. இந்த டப்பாவுக்குள்ள இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் டாக்டர் பாத்துட்டு, இதால இனிமே பிரயோஜனம் உண்டா இல்லையான்னு சொல்லிடுவார். இல்லைன்னா சக்கர நாற்காலி, உன் வீடு. நீ தள்ளு, நான் உக்காந்து அதிகாரம் பண்றேன். சின்ன வயசுலேர்ந்து அதுதானே நம்ம ஏற்பாடு?

— அதுக்குத்தான் பேசணும்.

— எதுக்கு?

— இல்ல... வந்து... தள்றதுக்கு முன்னாடி. இதைச் சொல்லாம என்னால உன் வண்டியைத் தள்ள முடியாதுண்ணா.

— என்னடி இது, கோர்ட்டுல கூண்டு ஏறின மாதிரி! இன்னும் ரெண்டு மணி நேரத்துல வெளிய வந்துடுவேன். வந்ததும் சொல்லேன்.

— வெளிய வந்தா நீ என் மூஞ்சியைப் பாப்ப.

— இங்கேருந்தும்தான் தெரியுது. அந்த வட்டக் கண்ணாடியில உன் பாதி மூக்கும் ஒரு காதும் தெரியுது.

— இப்ப?

— இப்ப சுவரும் காலண்டரும். ஓ, நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டியா? சரியான ஊமைக்கோட்டான்.

— உள்ள நர்ஸ் இருக்காரே.

— அவருக்கு நம்ம பாஷையில ரெண்டே வார்த்தை. ஒண்ணு “வலிக்குதா”, இன்னொண்ணு “சாப்பிட்டாச்சா”. நான் எதுக்கு என்ன பதில் சொன்னாலும் சிரிப்பார். தங்கமான மனுஷன்.

— சார் கேட்டுக்கிட்டிருக்காரே.

— என் காதாம்மா? இருபத்தாறு வருஷம் இந்தக் கம்ப்ரசர் பக்கத்துல நின்னு பாதி போயிடுச்சு. மீதிப் பாதியை மீட்டருக்குக் குடுத்துட்டேன். நீ சொல்லு. நிதானமா சொல்லு.

— அன்னிக்கு நான் ஃபோன் பண்ணப்போ நீ துறைமுகத்துல இருந்த.

— ஆமா. மூணாவது முங்கு முடிச்சு மேல வந்து தலையைத் துவட்டிக்கிட்டிருந்தேன். ஒரு கப்பலோட நங்கூரம் சேத்துக்குள்ள போய்ச் சிக்கிக்கிச்சு. காலையிலேர்ந்து அதோட மல்லுக்கட்டு. அதுவும் அசையல, நானும் விடல.

— நான் என்ன சொன்னேன்?

— நீ சொன்னது உனக்குத் தெரியாதா?

— நீ சொல்லுண்ணா. நீ எப்படி ஞாபகம் வெச்சிருக்கன்னு பாக்கணும்.

— “அண்ணா, அம்மாவுக்கு ரொம்ப முடியல, உன்னையே தேடுறாங்க, உடனே வா”ன்ன.

— அதுக்குத்தான் நீ கேட்ட. நாளைக்கு வந்தாப் போதாதான்னு.

— கேட்டேன். “இன்னிக்கு மூணு தடவை ஆழத்துக்குப் போயிட்டேன், உடம்பு பூரா காத்து கரைஞ்சு கிடக்கு, இதோட மலை ஏறக் கூடாது, கடலோரப் பாதையில சுத்திக்கிட்டு வந்தா விடியக்காலையில வந்துடுவேன்”னேன். இப்ப எதுக்கு இதெல்லாம்?

— அது எனக்குத் தெரியும்ண்ணா. நீ எனக்கு எப்பவோ சொல்லிக் குடுத்திருக்க. குக்கர் வெச்சு.

— குக்கரா?

— ஆவி அடங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்தா பருப்பெல்லாம் கூரையில போய் ஒட்டிக்கும்னு சொன்ன. அதுபோலத்தான் உடம்பும், ஆழத்துல அழுத்தம் ஏற ஏற ரத்தத்துல காத்து கரைஞ்சுடும், அதனாலதான் நிறுத்தி நிறுத்தி மேல வர்றோம்ன. வந்தப்புறமும் ஒரு நாள் முழுக்க உயரத்துக்குப் போகக் கூடாது, அங்க காத்து லேசு, உள்ள கரைஞ்சதெல்லாம் கொப்புளம் கொப்புளமா வெளிய வரும்ன. மூட்டுல வந்தா வலி. முதுகுத்தண்டுல வந்தா...

— முதுகுத்தண்டுல வந்தா இந்த டப்பா. சார், பாத்தீங்களா? எட்டாங்கிளாஸ் தாண்டல, டாக்டருக்கே பாடம் எடுப்பா.

— டாக்டர் இதைவிட மோசமா சொல்லுவார் தம்பி. எனக்கே இன்னிக்குத்தான் புரிஞ்சுது.

— சிரிக்காதீங்க. அண்ணா, எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெரியாம சொல்லல. மலை ஏறினா உனக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டே, “போதாது, இன்னிக்கே வா”ன்னேன்.

— சரி, சொன்ன. நான் வந்தேன். பஸ்ல ஏறின கால் என்னோடது. அதுல உன் குத்தம் எங்க வந்துச்சு?

— நீ அதையே சொல்லு.

— பஸ்ஸைப் பத்தி உனக்குச் சொன்னேனா? பக்கத்து சீட்டுல ஒரு அம்மா, மடியில ஒரு பிஸ்கட் பாக்கெட். வளைவுக்கு வளைவு அது உப்பிக்கிட்டே வருது. மேல போனப்ப குட்டித் தலகாணி மாதிரி ஆயிடுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு வர்றேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, பசியில இருக்கான் பாவம்னு நெனச்சு, பிரிச்சு ரெண்டு பிஸ்கட் குடுத்தாங்க.

— அப்பவே உனக்கு வலி இருந்துச்சா?

— தோள்ல லேசா. தோலுக்கடியில எறும்பு ஊர்ற மாதிரி ஒரு அரிப்பு. உச்சியில டீக்கு நிறுத்தினாங்க, இறங்கி ரெண்டு எட்டு வெச்சேன். அதான் கடைசியா நடந்தது. தெரிஞ்சிருந்தா இன்னும் நாலு எட்டு வெச்சிருப்பேன். அந்தப் பக்கம் இறங்கும்போது கால் ரெண்டும் தூங்கிடுச்சுன்னு நெனச்சேன். கிள்ளினேன், யாரோட காலையோ கிள்ளுற மாதிரி இருந்துச்சு. அந்தக் கண்டக்டர் வாழ்க, முதுகுல தூக்கிட்டு நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்தார்.

— நான் கதவைத் திறந்தேன்.

— திறந்த.

— “அரை மணி நேரம் முன்னாடிதான் போனாங்க”ன்னு சொன்னேன்.

— ஆமா.

— அதைத்தான் நீ இப்ப பாக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்ற. நேத்து உன்கூட முங்குற ஆளுங்க வந்தாங்க. “அந்த பஸ் டீக்கு நிக்காம இருந்திருந்தா அம்மாவை உயிரோட பாத்திருப்பேன்”ன. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, “அம்மாவுக்காகப் போன கால், போனாப் போகுது”ன்ன.

— ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். அவனுங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க, என்னத்தைச் சொல்றது?

— நீ அதைச் சொல்ற ஒவ்வொரு தடவையும் என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. அரை மணி நேரம் இல்லைண்ணா.

— வேணாம்.

— என்ன வேணாம்?

— ஒண்ணுமில்ல. நீ காலையில எதாவது சாப்பிட்டியா?

— பேச்சை மாத்தாதே.

— மாத்தல. சாப்பிட்டியான்னு கேக்குறேன். நர்ஸ் அண்ணன் கூட சந்தோஷப்படுவார், அவருக்குத் தெரிஞ்ச வார்த்தை.

— நான் உனக்கு ஃபோன் பண்ணப்பவே அம்மா இல்லைண்ணா.

— …

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— மத்தியானம் ஒண்ணேகாலுக்கே போயிட்டாங்க. உனக்குப் பண்ணது மூணு மணிக்கு.

— சரி.

— ஸ்பூன்ல தண்ணி குடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு ஸ்பூன் முழுங்கினாங்க. அடுத்தது கன்னத்துல வழிஞ்சுது. துடைச்சுட்டு இன்னொண்ணு குடுத்தேன். அதுவும் வழிஞ்சுது. நாலாவதும் குடுத்தேன். அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

— போதும்டி.

— மாடி வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அவங்க வந்து பாத்துட்டு, “பையன் தூரத்துல இருக்கான், செத்துட்டாங்கன்னு சொல்லிடாத, வழியில தலை சுத்தி விழுந்தா யார் பாக்குறது? ரொம்ப முடியல, உன்னைத் தேடுறாங்கன்னு மட்டும் சொல்லு, வந்து கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்”னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமாம்.

— இது ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதான்மா. எங்க அப்பா போனப்ப எனக்கு “லேசா காய்ச்சல்”னு தகவல். லேசான காய்ச்சலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போக ஸ்டேஷனுக்கு நாலு பேர் வந்து நிக்கிறான், ஒருத்தனும் என் கண்ணைப் பாக்கல. சாகுறவங்க ஒரு தடவைதான் சாகுறாங்க, சொல்றவங்கதான் தவணை தவணையா சாகடிக்கிறாங்க... மன்னிச்சுக்கோ. நான் மீட்டரைப் பாக்குறேன். ஏழு நிமிஷம் ஆச்சு.

— பாத்தியா? சாரே சொல்லிட்டார். எல்லாரும் பண்றது. அத்தை சொன்னதை நீ சொன்ன. அவ்வளவுதான்.

— இல்லைண்ணா. அத்தை அதை மட்டும்தான் சொன்னாங்க. “போதாது”ன்னு சொல்லச் சொல்லல. நீ நாளைக்கு வரவான்னு கேட்டப்ப நான் “சரி, வா”ன்னு சொல்லியிருக்கலாம். செத்தவங்களுக்கு என்ன அவசரம்? அம்மா உனக்காக எத்தனை நாள் வேணும்னாலும் படுத்திருப்பாங்க. நீ கடலோரமா சுத்திக்கிட்டு, விடிஞ்சப்புறம், நம்ம வீட்டு மூணு படியையும் ஏறி நடந்து வந்திருப்ப. நான்தான் சொன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு. எதுக்கும் திறக்காத வாய், அதுக்கு மட்டும் திறந்துச்சு.

— ஏன் சொன்ன?

— பயமா இருந்துச்சு.

— ம்.

— வீட்டுல நானும் அம்மாவும் மட்டும். அம்மா முகத்துல ஈ வந்து உக்காந்துச்சு. விரட்டினேன். மறுபடி உக்காந்துச்சு. அப்பத்தான் உனக்கு ஃபோன் பண்ணேன். உன் குரல் கேட்டதும்... என்னவோ... சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்கிறதுக்காக உன் ரெண்டு காலையும் வாங்கிட்டேன்.

— நிறுத்து.

— திட்டுண்ணா. அன்னிக்குக் கண்டக்டர் உன்னை அம்மா பக்கத்துல இறக்கி விட்டதும் நீ கையைத் தொட்ட. விறைச்சுக் கட்டையா இருந்துச்சு. இப்பத் திட்டுவான், இப்பக் கேப்பான்னு நின்னேன். நீ கேக்கல. அதுலேர்ந்து பதினோரு நாளா நின்னுக்கிட்டிருக்கேன். திட்டிடு.

— திட்ட மாட்டேன்.

— ஏன்?

— சார், மணி?

— ஒன்பது நிமிஷம். இன்னும் ஆறு இருக்கு. நிதானம் தம்பி.

— ஆறு நிமிஷத்துல என்ன சார் நிதானம்? ஏய், ஊமைக்கோட்டான். இருக்கியா?

— ம்.

— உனக்குப் பொய் சொல்ல வராதுடி. சின்ன வயசுலேர்ந்து வந்ததில்ல. சர்க்கரை டப்பாவைத் திறந்து தின்னுட்டு, “நான் தின்னல”ன்னு சொல்ல வாயைத் திறப்ப, வாயெல்லாம் சர்க்கரை. நீ பெரிய பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டு அந்த மூலையில உக்காந்திருந்தியா இத்தனை நாளா?

— என்ன சொல்ற?

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அம்மா இல்லைன்னு. நீ “அண்ணா”ன்னு ஒரு வார்த்தை சொன்னே பாரு, அப்பவே.

— யார் சொன்னாங்க? அத்தை ஃபோன் பண்ணாங்களா?

— யாரும் சொல்லல. மிஷின் சத்தம் இல்ல. அம்மாவோட ஆக்சிஜன் மிஷின். நாலு வருஷமா பகலும் ராத்திரியும் ஓடிச்சே. அம்மா அதுக்கு மருமகன்னு பேரு வெச்சிருந்தாங்களே, ஓயாம முணுமுணுக்குதுன்னு. நீ எப்ப ஃபோன் பண்ணாலும் உனக்குப் பின்னாடி அது கொர்ர்னு இழுத்து, டப்புனு விடும். நீதான் பேசவே மாட்டியே, நான் பாதி நேரம் அதோடதான் பேசிக்கிட்டிருப்பேன். அது கொர்ருன்னா அம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். அன்னிக்கு உனக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. எங்கயோ ஒரு காக்கா கத்தினது கூடக் கேட்டுச்சு.

— அண்ணா...

— தண்ணிக்கடியில கிடக்குறவனுக்கு மேல படகுல ஓடுற கம்ப்ரசர் சத்தம்தான் உயிரு. அது ஓடுற வரைக்கும் அதைக் கவனிக்கவே மாட்டோம். நின்னா அந்த நொடியே தெரியும். எனக்கா தெரியாது?

— நான்தான் அணைச்சேன்.

— தெரியும்.

— அது வரைக்கும் அணைக்கவே இல்லைண்ணா. ஒண்ணேகால்லேர்ந்து மூணு மணி வரைக்கும் அதை ஓட விட்டுட்டு உக்காந்திருந்தேன். மூக்குல குழாய் அப்படியேதான் இருந்துச்சு. அது ஓடினா ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்துச்சு. உனக்கு ஃபோன் பண்றதுக்குத்தான் அணைச்சேன். அந்தச் சத்தத்துல நீ பேசுறது சரியா கேக்காதேன்னு. அண்ணா, அழறியா?

— இல்ல. இந்தக் கெட்டிக் காத்துல மூக்கு அடைச்சுக்குது.

— தெரிஞ்சும் மலைப்பாதையிலயா வந்த?

— வந்துட்டேன். விடு.

— அம்மா இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு, உடம்புல காத்து இருக்குன்னும் தெரிஞ்சுக்கிட்டு, எதுக்கு அந்த பஸ்ல ஏறின?

— ஒரு துணிச்சல்தான். ரெண்டு நாள் தோள் வலிக்கும், படுத்துக் கிடந்தா போயிடும்னு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிடுச்சு. முங்குறவங்களுக்குள்ள அது சகஜம்.

— நான் அதைக் கேக்கல.

— சார், எவ்வளவு இருக்கு?

— மூணு நிமிஷம். முகமூடியை எடுத்துக் கையில வெச்சுக்குங்க.

— அண்ணா. எதுக்கு வந்த?

— உனக்குப் பதிமூணு வயசு. அப்பா போனப்ப.

— அதை எதுக்கு இப்ப...

— கேளு. அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. வீட்டுல நீயும் அப்பாவும் மட்டும். எதிர்க்கடை ஃபோன்லேர்ந்து எனக்குக் கூப்பிட்ட. “அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார், நீ வா”ன்ன. நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அப்பா குடிச்சுட்டு கவுந்து கிடக்குறார், வழக்கம்தானேன்னு நெனச்சேன். “நாளைக்கு வந்தாப் போதாதா?”ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?

— …

— “போதும்”ன. அவ்வளவுதான் சொன்ன. யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது உனக்கு. மறுநாள் பத்து மணிக்குக் கையில பழப் பையோட வர்றேன். நீ அப்பா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து ஒரு நோட்டு அட்டையால ஈ விரட்டிக்கிட்டிருக்க. பள்ளிக்கூட யூனிஃபாரம் கூட மாத்தல. என்னைப் பாத்துட்டு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாம வெளிய போன. அப்புறம் ஏழு மாசம் நீ பேசவே இல்ல. டீச்சர் கேள்வி கேட்டா எழுந்து நிப்பியாம், உக்காருன்னு சொல்ற வரைக்கும் நிப்பியாம். அதோட உன் படிப்பு போச்சு. நான் ஒரு நாள் தாமதமா வந்ததுக்கு நீ குடுத்தது அது.

— …

— இந்தத் தடவையும் அதே கேள்வியைத்தான் கேட்டேன், பாவி நான். யோசிச்சுக் கேக்கல, வாயில வந்துடுச்சு. கேட்டு முடிச்சதும்தான் எனக்கே உறைச்சுது. நீ மறுபடி “போதும்”னு சொல்லிடுவியோன்னு நெனச்சேன். நீ “போதாது”ன்ன. உன் ஆயுசுல முதல் தடவை என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிடி கடலோரமா சுத்திக்கிட்டு வருவேன்? அம்மாவுக்காகன்னு ஊர்ல எல்லாருக்கும் சொன்னேன். அம்மாவுக்காக இல்ல. நீ தனியா உக்காந்து ஈ விரட்டிக்கிட்டிருப்பியேன்னு வந்தேன்.

— …

— இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ உன்னையே கொன்னுக்கிட்டிருந்தா நான் என்ன பண்றது? ஏய். சொல்லிட்டேன், முடிஞ்சுபோச்சு. இனிமே ரெண்டு பேர்கிட்டயும் ஒளிக்க ஒண்ணுமில்ல. வண்டியைத் தள்ளுவல்ல?

— …

— என்ன, சத்தத்தையே காணோம்? தலையாட்டாதடி. இங்கேருந்து எனக்குக் காலண்டர்தான் தெரியுது. வாயால சொல்லு.

— தம்பி.

— சார், தலையாட்டுறாளா?

— இல்ல தம்பி. ஃபோனை மேஜை மேல வெச்சுட்டாங்க. தூங்குற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி, சத்தம் வராம வெச்சாங்க.

— அழறாளா?

— இல்ல. எழுந்து நிக்கிறாங்க. உங்க தலைமாட்டுக் கண்ணாடி கிட்ட வந்தாங்க, தெரியலையா?

— இல்லையே. நான் படுத்திருக்கேன் சார், தலைக்குப் பின்னாடி இருக்கிறது தெரியாது.

— கண்ணாடி மேல கையை வெச்சுப் பாத்தாங்க. இப்ப... கதவுப் பக்கம் போறாங்க. ஏம்மா! ஏம்மா பொண்ணு, இரும்மா!

— எங்க போறா?

— படி இறங்கிட்டாங்க தம்பி.

— கூப்பிடுங்க சார்!

— கூப்பிட்டேனே, மைக்ல உங்களுக்கும் கேட்டிருக்குமே. திரும்பியே பாக்கல.

— எதாவது சொன்னாளா?

— ஒரு வார்த்தை சொல்லல.

— கதவைத் திறங்க.

— தம்பி, நிதானம்.

— திறங்க சார்! அவளை அப்படிப் போக விடக் கூடாது. உங்களுக்குத் தெரியாது. நான் போகணும்.

— எப்படித் திறப்பேன்? அது உள்பக்கமாத் திறக்குற கதவு, அழுத்தம் இருக்கிற வரைக்கும் யானை கட்டி இழுத்தாலும் அசையாது. அழுத்தத்தை ஒரேயடியா எடுத்துட்டா உங்களுக்கு மிச்சம் இருக்கிறதும் போயிடும், அந்த நர்ஸுக்கும் ஆபத்து. இன்னும் ஒரு மணி நேரம் ஆக்சிஜன், அப்புறம் அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தை இறக்கணும். ஒன்றரை மணி நேரம் தம்பி. என்னால ஒரு நிமிஷம் குறைக்க முடியாது. பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சுது, முகமூடியை மாட்டுங்க. பொண்ணு எங்க போயிடப் போகுது? மனசு ஆறட்டும். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு நீங்களே போய்ப் பாத்துப் பேசிக்கலாம்.

— இல்ல சார். நாளைக்குப் போனாப் போதாது.